எட்டு சர்வரும் ஒரு கறுப்புப் பெட்டியும்

புரியாத விஷயத்துக்கு என்னைப்போல் அழகாகத் தலையாட்ட ஸ்ரீரங்கத்திலேயே ஆள் கிடையாது. சாஃப்ட்வேர் விற்கும் வேலை எனக்குக் கிடைத்ததே அந்தத் திறமையால்தான்.

சர்வரில் இருப்பதை நகலெடுத்துப் பத்திரமாக வைக்கும் சாஃப்ட்வேர் அது. அதை விர்ச்சுவலைசேஷன் பயன்படுத்தும் கம்பெனிகளிடம் மட்டும்தான் விற்க வேண்டும். அந்தக் கம்பெனிகள் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களை மோப்பம் பிடித்து, எங்கள் சென்னை ஆபீஸ் கம்பெனிப் பெயரை எனக்கு அனுப்பும். சரி, விர்ச்சுவலைசேஷன் என்றால் என்ன? (அதைச் சொல்லிக்கொடுத்த மதியம் புளியோதரை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.)

அப்போது கவிதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தார் அவள் அப்பா. நிரந்தரமாக, ஒரு விற்பனையாவது நடந்தாக வேண்டும்.

சென்னை அனுப்பிய பெயர், துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. எட்டு சர்வர் ஓடுவதாகத் தகவல். முதலாளி சோமசுந்தரம் தானே என்னைச் சர்வர் அறைக்கு அழைத்துப் போனார். கம்ப்யூட்டரெல்லாம் அவர் மாப்பிள்ளையின் பொறுப்பாம்.

குளுகுளு அறையில் ஒரே ஒரு கறுப்புப் பெட்டி. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன்.

"என்ன தம்பி தேடுறீங்க?"

"மீதி ஏழு சர்வர் எங்க சார்? உங்ககிட்ட எட்டு இருக்கணுமே!"

அதோடு நிறுத்தினேனா? குரலைத் தாழ்த்தி, "யாரோ வித்துட்டாங்க போல சார்" என்றேன்.

முதலாளி முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! கல்யாணத்தன்றிலிருந்து மாப்பிள்ளையிடம் ஒரு குறைக்காகக் காத்திருந்தவர் போல, "மாப்ளை, கொஞ்சம் வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை வந்தார்.

"எட்டுல ஏழு சர்வரை என்ன பண்ணீங்க?"

"எட்டும் இதுக்குள்ளதான் ஓடுது மாமா. ஒரு பெரிய மெஷினை எட்டு மெஷின் மாதிரி பிரிச்சு ஓட்டுறோம். அதுக்குப் பேர்தான் விர்ச்சுவலைசேஷன்." என்னைப் பார்த்தார். "சார் அதுக்குத்தானே சாஃப்ட்வேர் விக்க வந்திருக்காரு?"

தலையாட்டினேன்.

"எட்டு எப்படி மாப்ளை ஒண்ணுக்குள்ள போகும்?"

"அதானே?" என்றேன் நானும், என்னை அறியாமல்.

முதலாளி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்ப, இது ஒண்ணு புகைஞ்சா?"

"எட்டும் போச்சு மாமா. அதனாலதான் நகல் எடுத்து வைக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்! காதுலயே போட்டுக்கல."

"நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. இந்தத் தம்பி வந்து குனிஞ்சு பார்த்தப்புறம்தானே விஷயம் வெளிய வந்துச்சு! தம்பி, ஆர்டரை எழுதிக்கங்க."

கேட் வரைக்கும் வந்து கைகுலுக்கினார் மாப்பிள்ளை. "திருட்டுப் பட்டம் வாங்கித்தான் இதை வாங்க முடிஞ்சுது சார்." நான் ஏறிய பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரை, நான் எதைச் சொல்லி விற்றேன் என்று எனக்கே விளங்கவில்லை.

வேலை நிரந்தரமானது. கல்யாணமும் ஆனது. உற்சாகத்தில் கவிதாவிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். இன்றைக்கும் மாவு தீர்ந்துபோகும் காலைகளில் என் தட்டில் ஒற்றை இட்லி வந்து விழும். நிமிர்ந்து பார்ப்பேன்.

"எட்டும் இதுக்குள்ளதாங்க இருக்கு. சாப்பிடுங்க."

வழக்கம்போல், அழகாகத் தலையாட்டிக்கொள்கிறேன்.