முதல் ரிவால்வர் நாள்

"இது நாப்பது வருஷம் பழசாத் தெரியுமா?" என்று வெண்டல் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

கடைக்காரர் கார்லிஸ் கையிலிருந்த ரிவால்வரைத் துணிமேல் வைத்தார். "பெரியவரே, இது போன வாரம் வந்த சரக்கு. அட்டைப்பெட்டி வாசனைகூட இன்னும் போகல."

"தினம் தொடச்சு வச்சிருந்தேன்னு சொல்லிக்கலாமா?"

"யார்கிட்ட?"

வெண்டல் பார்வையைக் கண்ணாடி அலமாரிப் பக்கம் திருப்பினார். கடைக்காரனுக்கு எதற்கு அதெல்லாம்? சொந்த ஊரில் வாங்கினால் விஷயம் தெருவுக்கு வந்துவிடும் என்றுதான் முப்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வெண்டல் ஸ்ப்ராட்லினுக்கு அறுபத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுளைக் கழித்த மெக்கானிக். கென்டக்கி மலைப்பக்கத்தில், பல் முளைத்தவனெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கிற ஊரில், தான் ஒருவன்தான் அதைத் தொட்டதே இல்லை என்பது அவர் எண்ணம். காலஞ்சென்ற மனைவி துப்பாக்கியை வாசற்படி தாண்ட விட்டதில்லை. இதை வெளியே சொன்னால் மானம் போய்விடும். மான் வேட்டைக் காலம் வந்தால் முதுகுவலி என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

விதைக்கடை நோரீன் காடிலுக்குப் புருஷன் போய் ஆறு வருஷம். ஒன்றரை வருஷமாக வெண்டல் வாரம் தவறாமல் அவளிடம் தக்காளி விதை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தோட்டம் கிடையாது. வீட்டைச் சுற்றி வெறும் ஜல்லி. சமையலறை இழுப்பறை ஒன்று விதைப் பொட்டலங்களால் நிரம்பி மூட முடியாமல் நிற்கிறது.

திங்கட்கிழமை நோரீன் கடைச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. மேலே பெரிய எழுத்தில் 'முதல் ரிவால்வர் நாள், சனிக்கிழமை, ஊர் மைதானம்.' அடியில் பொடி எழுத்தில் ஏதேதோ. நோரீன் எதிரே மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு வெண்டல் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். மாட்டத் தேவையும் இல்லை. அதே மைதானத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதம் 'முதல் டிராக்டர் நாள்' நடக்கிறது. ஆளாளுக்குத் தான் முதன்முதலில் வாங்கிய டிராக்டரை உருட்டிக்கொண்டு வருவார்கள். எது அதிகம் துருப்பிடித்ததோ அதற்குத்தான் முதல் மரியாதை. இதுவும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நோரீன் தானும் போவதாகச் சொன்னாள். "உங்க பேரையும் எழுதிடட்டுமா? ரிவால்வர் இருக்கா?"

"இருக்காவா? நாப்பது வருஷமா இருக்கு, என்னோட முதல் ரிவால்வர்."

"ஓஹோ," என்றாள் நோரீன், விதைப் பொட்டலத்தை மடித்தபடி.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை இந்தக் கடை.

கார்லிஸ் நிதானமான ஆள். முதன்முதலாக வாங்குகிறவர், சும்மா குறி பார்த்துச் சுட்டுப் பொழுதுபோக்க நினைக்கிறவர், இருபத்திரண்டு ரகம், அதாவது பொடித் தோட்டா போடுகிறதுதான் வாங்க வேண்டும் என்றார். கனமான எஃகு, ஆறு அங்குலக் குழல், பெரிய பிடி. கனம் இருந்தால் சுடும்போது கையில் விழும் உதை குறையும், குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாது, தோட்டாவும் மலிவு. கை பழகிய பிறகு பெரியதற்குப் போகலாம் என்றார்.

வெண்டல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்கிறவன் ஒரு சாமானை இவ்வளவு புகழ்கிறான் என்றால் அது ஆறு மாசமாகப் போகாத சாமானாகத்தான் இருக்கும்.

"நீ எதை விக்க மாட்டேன்னு சொல்லுவ?"

கார்லிஸ் சற்று யோசித்து மூலையிலிருந்த குட்டையான ஒன்றைக் காட்டினார். "அது மேக்னம், மருந்து ஜாஸ்தியான தோட்டா. லேசு, குட்டைக் குழல். இடுப்புல செருகிக்கிறவங்களுக்கு. சுட்டுப் பழக லாயக்கில்ல. கையைக் கடிக்கும்."

"அதையே குடு."

கார்லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெண்டல் அதற்குள் படிவத்தை இழுத்துக் கையெழுத்தைப் போட ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தால் அது புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று மின்னியது. புதன்கிழமை காலையில் மரப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழசாகத் தெரியவில்லை, எலி கடித்த மாதிரி தெரிந்தது. அடுத்து, இரும்பின் கறுப்பை எடுக்க வினிகரில் ஊறப்போட்டார். வினிகர் பாதிக்குமேல் இல்லை. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியிலிருந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினார். சாயங்காலம் எடுத்தபோது கறுப்பு போயிருந்தது, ஆனால் சொறிநாய் மாதிரி திட்டுத் திட்டாக. நாற்பது வருஷம் என்ன, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின உள்நாட்டுப் போரில் எவனோ ஆற்றில் தவறவிட்டது மாதிரி இருந்தது. தோட்டா போடும் உருளை சுற்றவில்லை. பஸ் சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸை அப்பினார். சுற்றியது. ஊறுகாய் வாசனை மட்டும் போகவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு பீன்ஸ் டப்பாவை வைத்தார். காதில் பஞ்சு. பத்தடி தள்ளி நின்று விசையை இழுத்தார்.

என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. தொப்பி பின்னால் கிடந்தது. நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்திருந்தது. டப்பா அப்படியே நின்றது. எட்டடிக்கு வந்தார், ஆறடிக்கு வந்தார். இரண்டாவது தோட்டாவிலிருந்தே கண்கள் முன்கூட்டி மூடிக்கொண்டன. உருளையிலிருந்த ஐந்தும் தீர்ந்தபோது மண்மேட்டில் ஐந்து குழிகள் இருந்தன. டப்பாவில் ஒரு கீறல் கிடையாது.

வெள்ளிக்கிழமை மறுபடி முப்பது மைல். கார்லிஸ் அந்த ரிவால்வரைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கீழே வைத்தார். இதில் மருந்து குறைவான முப்பத்தெட்டு ரகத் தோட்டா போட்டுச் சுடலாம், உதை பாதியாகும் என்றார்.

"வேற அளவு தோட்டாவைப் போடச் சொல்றியா? என் கை போறதுக்கா?"

"அளவு ஒண்ணுதான் பெரியவரே. நீளம்தான் கொஞ்சம் கம்மி. இந்த ரிவால்வருக்குள்ள அது போகும், முப்பத்தெட்டு ரிவால்வருக்குள்ள இந்தத் தோட்டாதான் போகாது."

வெண்டலுக்கு அது சுத்தமான பித்தலாட்டமாகப் பட்டது. வாங்காமல் வந்துவிட்டார். அதற்குப் பதில் தடிமனான வேலைக் கையுறையை மாட்டிப் பார்த்தார். விரல் விசைக்குள் நுழையவில்லை. கையுறையின் விரலை வெட்டினார், வெட்டிய வேகத்தில் தன் விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டார்.

பிளாஸ்திரி வாங்கப் போன இடத்தில் நோரீன். நெற்றியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"பழைய சிநேகிதன். ரொம்ப நாள் கழிச்சு எடுத்தேன், கட்டிப் பிடிச்சிட்டான்," என்றார் வெண்டல்.

"நாளைக்கு அவன் கதையை எனக்குச் சொல்லணும்."

அன்று முழுக்க அவர் உட்காரவே இல்லை. ஜல்லியில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கதை கட்டினார். முதலில் சித்தப்பா சூதாட்டத்தில் ஜெயித்த ரிவால்வர். பிறகு சித்தப்பா நல்லவராக இருக்கட்டும் என்று, வெள்ளத்தில் ஒரு போலீஸ்காரரைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு. எந்த வெள்ளம் என்று அவள் கேட்டால்? வெள்ளத்துக்கு ஒரு வருஷம் தேடினார். சித்தப்பாவுக்கு அப்போது ஏழு வயது என்று வந்தது.

சனிக்கிழமை பத்து மணி. சொறிபிடித்த ரிவால்வரை ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்த வெண்டல் அங்கேயே நின்றுவிட்டார்.

துருவே இல்லை. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் முன்னால் புத்தம்புது அட்டைப்பெட்டி. மீதிப் பேர் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் தோட்டாவை எந்தப் பக்கம் போடுவது என்று பக்கத்தில் நின்ற பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிரியாருக்கும் தெரியவில்லை.

வெண்டல் கம்பத்தடியில் ஒதுங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த தாளின் பொடி எழுத்தைப் படித்தார். 'முதல் ரிவால்வர் வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் மட்டும். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்கு இடமில்லை.'

நாற்பது வருஷம் என்றால் இங்கே இடமில்லை. அது பொய் என்று ஒப்புக்கொண்டால் நோரீன் முகத்தில் இனி விழிக்க முடியாது. ஒன்றரை வருஷத்துத் தக்காளி விதையும் வீண். சத்தமில்லாமல் வண்டிக்குத் திரும்பினார்.

"பெரியவரே."

மேசைக்குப் பின்னால் கார்லிஸ் உட்கார்ந்திருந்தார். இங்கே சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

"நான் தப்பா வந்துட்டேன்," என்றார் வெண்டல். "எனக்கு நாப்பது வருஷப் பழக்கம். இங்க இடமில்லையாமே."

கார்லிஸ் துணியைப் பிரித்தார், முகர்ந்தார், உருளையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துத் தூர வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து அந்த ஆறு அங்குல இருபத்திரண்டை எடுத்து முன்னால் வைத்தார். சுடும் இடத்திலிருந்து நோரீன் இரண்டு கோப்பைக் காபியோடு வந்துகொண்டிருந்தாள்.

"பேரு என்னன்னு சொன்னீங்க?"

"வெண்டல் ஸ்ப்ராட்லின். ஆனா நான் போறேன்."

கார்லிஸ் தாளில் விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினார்.

"எங்க போறீங்க, திங்கக்கிழமையே நோரீன் தன் கையாலே எழுதிக் குடுத்திருக்காங்க: 'வெண்டல் ஸ்ப்ராட்லின். துப்பாக்கி தொட்டதே இல்ல, தோட்டமும் கிடையாது. என் பக்கத்து இடம் அவருக்கு.'"