வெளிச்சம் சரியில்லை

வெளிச்ச வாத்தியார் என்று ஓர் இனம் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருக்கு மணி அடித்தால் நிறுத்தத் தெரியும். இவருக்கு மணியே அடிக்காது. வாரத்தில் ஆறு நாள் வங்கியிலோ மருந்துக் கிடங்கிலோ குடிநீர் அலுவலகத்திலோ தலை குனிந்து வேலை பார்ப்பார். ஏழாம் நாள் கழுத்தில் கேமரா ஏறியதும் தலை நிமிர்ந்துவிடும். கேட்டால் பொழுதுபோக்கு என்பார். அவருக்குப் பொழுது போகிறது, நமக்கு உயிர் போகிறது.

அடையாளம் சொல்கிறேன். பதினான்கு பைகள் வைத்த மேல்சட்டை அணிந்திருப்பார். அதில் பதின்மூன்று பைகள் காலி. பதினான்காவதில் லென்ஸ் துடைக்கும் துணி ஒன்று, நான்காக மடித்து, உறைக்குள். தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் வேட்டி நுனியிலோ சட்டை நுனியிலோ துடைத்துக்கொள்வார். உங்கள் குழந்தை முதன்முதலாக எழுந்து நடந்ததைப் படமெடுத்து, பூரித்துப் போய் அவரிடம் நீட்டிப் பாருங்கள். இரண்டு விரலால் படத்தை விரிப்பார். குழந்தையைத் தாண்டிப் போவார். மூலைக்குப் போய் நிற்பார். "இங்க ஒரு பக்கெட் இருக்கு பாத்தீங்களா?" என்பார். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் உங்களுக்கும் பக்கெட்தான் தெரியும். குழந்தை மறுபடி முதல் அடி எடுத்து வைக்கவா போகிறது?

இப்படி ஒருவரிடம் பதினோரு வருடம் பாடம் கேட்டவள் நான். அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது என் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்யும் ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் உடம்பு முடியவில்லை என்று நின்றது அதுதான் முதல் முறை. வியாழக்கிழமை இறந்தார். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றாள் அம்மா. கம்பெனி அடையாள அட்டையில் அப்பாவுக்கு இருபத்தாறு வயது, கரும்பட்டையாக ஒரு மீசை. அந்த ஆளை எனக்குத் தெரியாது. என் ஹார்ட் டிஸ்க்கில் நாற்பத்தோராயிரத்து எழுநூறு படங்கள் இருக்கின்றன. அதில் அப்பா முகம் தெரிகிற படம் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று. நான் கற்ற பாடங்களைச் சொல்லிக்கொண்டே தேடுகிறேன், கூடவே வாருங்கள்.

வாத்தியாரின் முதல் பாடம், மொபைலில் எடுப்பது படமே இல்லை. "அது சும்மா ஞாபகத்துக்கு" என்பார், ஞாபகம் என்பது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி போல. ஆகவே பதினோரு வருடமாக நான் மொபைலில் யாரையும் எடுத்ததில்லை. அந்த இடம் காலி. தேட வேண்டிய சிரமம் மிச்சம்.

அடுத்தது வெளிச்சம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழையும், கண் பாதி மூடும், பக்கத்தில் நிற்பவர் செருப்பைக் கழற்றிவிடலாமா என்று யோசிப்பார். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம், விழும் முன் கடைசி ஒரு மணி நேரம். மனிதனை எடுக்க அந்த இரண்டு மணி நேரம்தான். நடுவில் இருக்கும் பத்து மணி நேரத்தில் மனிதர்கள் எதற்கு முகத்தை வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மூன்று லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஆட்கள் வருவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்புவார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு வீடு திரும்புவார். அதாவது வாத்தியார் சொன்ன அந்த இரண்டு மணி நேரத்திலும் அப்பா வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இருப்பார். அப்போது நான் இருக்கமாட்டேன். நல்ல வெளிச்சத்தில் வேறு யாருடைய அப்பாவையாவது படமெடுக்கப் போயிருப்பேன்.

இது பேச்சுக்குச் சொன்னதில்லை. ஞாயிறு நடை என்று ஒரு சடங்கு உண்டு. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு முதுகுப்பைகள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், முன்னால் வாத்தியார். சந்தைக்குப் பின்புறம் மூட்டை தூக்கும் முதியவர் ஒருவர் அப்போதுதான் சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஈ மொய்ப்பது போல் மொய்த்துக்கொள்வோம். வாத்தியார் முழந்தாளிடுவார்.

"பெரியவரே, எங்களைப் பாக்காதீங்க. இயல்பா இருங்க. தாடையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. அய்யய்ய, சிரிக்காதீங்க."

அந்த மனிதர் பாவம், எது இயல்பு என்று தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் வேண்டும்! கையில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிய, கறுப்பு வெள்ளையில், பன்னிரண்டு பேரும் அதே கையை எடுப்போம். படத்துக்கு 'உழைப்பு' என்று பெயர். பன்னிரண்டு பேருக்கும் அதே பெயர் தோன்றும் என்பதால் பிறகு எண் போட்டுக்கொள்வோம். என்னுடையது 'உழைப்பு 3'. கண்காட்சியில் சான்றிதழ் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கிரீஸா இது, மண்ணா?" என்று கேட்டார். மண் என்றேன். "அப்ப சோப்பு போட்டாப் போயிடும்" என்றார். பக்கத்திலேயே மேசைமேல் இருந்தது அவர் கை. சோப்பு போட்டாலும் போகாத கை. அதற்கு எண் போட எனக்குத் தோன்றவில்லை.

படம் கேட்கவில்லையா என்றால், கேட்டார். வருடத்துக்கு ஒரு தடவையாவது. வேலை முடிந்து வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறி, தலை வாரிக்கொண்டு வந்து நிற்பார். "எனக்கு ஒண்ணு எடும்மா. பின்னாடி மாட்டுறதுக்கு நல்லதா ஒண்ணு வேணும்ல" என்பார். அம்மா சமையலறையிலிருந்தே திட்டுவாள்.

"வெளிச்சம் சரியில்லப்பா."

"அவ்வளவுதானே? ட்யூப் லைட்டப் போடுறேன்."

போடுவார். வெளிச்சம் என்றால் அவருக்கு அது ஒரு சுவிட்ச். நான் சிரித்துவிட்டு ட்யூப் லைட் முகத்தை எப்படிக் கெடுக்கும், தோலை எப்படிப் பச்சையாக்கும் என்று கால் மணி நேரம் விளக்குவேன். முப்பது வருடம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு சட்டையைக் கழற்றி மறுபடி ஹேங்கரில் மாட்டிவிடுவார்.

மூன்று நாள் உட்கார்ந்து தேடினேன். அப்பா அறுபத்து மூன்று படங்களில் இருக்கிறார். இருபத்திரண்டில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கும் அட்டை அது. அப்பா, இதக் கொஞ்சம் பிடிங்க என்றால் பிடிப்பார். அட்டை தெளிவாக இருக்கிறது. முகம் பாதிக்கு மேல் இல்லை, எனக்கு வேண்டியது அட்டைதானே? பதினொன்றில் தோள், முழங்கை, செருப்பு. இருபத்தொன்பதில் பின்னால் மங்கலாக இருக்கிறார். ஆம், அதுவும் ஒரு பாடம். முன்னால் இருப்பது கூர்மையாகவும் பின்னால் இருப்பது பஞ்சு போலவும் இருக்க வேண்டும். அந்த இருபத்தொன்பதில் ஒன்று, பனித்துளியோடு ஒரு சிலந்திவலை. வாத்தியார் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே படம். "அந்தப் பின்னணி நீலம் இருக்கே, அது அமையணும்மா. எல்லாருக்கும் அமையாது" என்றார். அந்த நீலம் அப்பாவின் வேலைச் சட்டை. அன்று விடுப்பில் இருந்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாத்தியார் சொன்னது சரிதான். எல்லாருக்கும் அமையாது.

அறுபத்து மூன்றாவதில் முகம் முழுசாக இருக்கிறது. நேராகக் கேமராவைப் பார்க்கிறார். ஆனால் கண் மூடியிருக்கிறது. இமைத்த நேரத்தில் விழுந்த படம். அப்படிக் கண் மூடிய அப்பாவை நாங்கள் வியாழக்கிழமை பார்த்தாகிவிட்டது, சுவரில் வேறு வேண்டாம்.

கோப்பு எண்ணைப் பார்த்தேன். தொழில் புத்தி. 4417. அடுத்த படம் 4421. நடுவில் மூன்று இல்லை.

அவை எங்கே போயின என்று உங்களுக்குப் புரியவைக்க வாத்தியாரின் தலையாய பாடத்தைச் சொல்ல வேண்டும். "வளரணும்னா கழிக்கக் கத்துக்கணும். நூறு எடுத்தா தொண்ணூத்தொன்பத ஈவிரக்கமில்லாமத் தூக்கிப் போடணும்." நான் நல்ல மாணவி. அன்று புது லென்ஸ் வந்திருந்தது, அதன் கூர்மையைப் பார்க்க அப்பாவை நிறுத்தியிருந்தேன். 4417இல் சட்டைக் காலரின் நூலை எண்ணிவிடலாம், அவ்வளவு கூர்மை. அதனால் அது தப்பியது. மற்ற மூன்றில் அப்பா கண் திறந்திருப்பார். ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார். சிரித்ததில் அசைந்திருப்பார். காலர் கலங்கியிருக்கும். கழித்திருப்பேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலை பார்த்த கட்டடத்தின் காவலாளி வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அம்மா உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தார். கண்ணாடி விரிசல் விட்ட மொபைல் ஒன்றை எடுத்தார். அண்ணன் போட்டோ ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், நன்றாக இருக்குமா தெரியவில்லை என்றும் சொன்னார்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது. அதன் கூரைமேல் அப்பா நிற்கிறார். வராந்தாத் தரைக்கு மேலே நெஞ்சிலிருந்துதான் தெரிகிறார், தரையில் முளைத்தவர் மாதிரி. கன்னத்தில் கிரீஸ். தலைக்கு நேர் மேலே ட்யூப் லைட். பின்னால் ஒயர்களும் கம்பிகளும். படம் இடப்பக்கம் சரிந்திருக்கிறது. கீழ் மூலையில் காவலாளியின் கட்டைவிரல், கால்வாசிப் படத்தை மறைத்துக்கொண்டு. அப்பா வாய் கொள்ளாமல் சிரிக்கிறார், போன வருடம் விழுந்த பல்லின் இடம் தெரிகிற மாதிரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் இரண்டு விரலும் தானாகக் கண்ணாடியில் விரிந்தன. அப்பாவைத் தாண்டிப் போயின. மூலைக்குப் போய் நின்றன. "கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றது என் வாய்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் காவலாளி. "அவசரத்துல எடுத்தது."

மன்னிப்புக் கேட்டது அவர்.

அம்மா மொபைலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்படிச் சிரிக்கிறாரே, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணுமில்ல அண்ணி. என்னண்ணே, இன்னிக்குப் பாதி ஆளாத்தான் வந்திருக்கீங்க, மீதிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டீங்களான்னு கேட்டேன்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

சட்டம் போடும் கடைக்காரர் நல்ல மனிதர். விரலை எடுத்துவிடலாம், இருந்த இடமே தெரியாது, அரை மணி நேர வேலை என்றார். நான் தலையசைக்கவே போனேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"விரல் இருக்கட்டும். அவரு யாரப் பாத்துச் சிரிக்கிறாருன்னு தெரிய வேணாமா?"

படம் மாட்டிய பிறகு வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். பதினான்கு பைச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை. படத்துக்கு முன்னால் போய் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அசையவில்லை. மனிதர் கலங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவர்மேல் எனக்கு ஒரு ஈரம் கசிந்தது. அப்புறம் மெல்லிய குரலில் சொன்னார்: "மேலேர்ந்து வர்ற லைட். கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து எடுத்திருப்பேனே."

அம்மா அவரையே பார்த்தாள். "உங்க அம்மா இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்கம்மா. எண்பத்தி நாலு."

"அவங்கள நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எடுக்கணும்மா. அவங்க ரூம்ல வெளிச்சம் சரியில்ல."

சொன்னது தன் வாய்தான் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. தண்ணீர் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, சட்டத்தின் கண்ணாடி பளபளப்பு இல்லாததாகப் போட்டிருக்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்களிடம் கேமராவே கிடையாது, பதினான்கு பைச் சட்டையும் கிடையாது, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. ஒரே ஒரு சோதனை வைத்துவிட்டு விட்டுவிடுகிறேன். கட்டைவிரல் கால்வாசிப் படத்தை மறைத்திருக்கிறது என்று மேலே எழுதினேனே, அங்கே வந்தபோது, அதை மட்டும் வெட்டிவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி உங்களுக்குத் தோன்றவில்லையா?

வாருங்கள் வாத்தியாரே. உங்கள் வீட்டிலும் ஒருவர் இஸ்திரிச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு நிற்பார். போய் ட்யூப் லைட்டைப் போடுங்கள்.