குட்டோர்மின் தாடியும் போர்கில்டின் புல்லும்

குட்டோர்மைப் பிடித்து வைக்க எந்தச் சிறையாலும் முடியவில்லை. என்னைப் பிடித்து வைக்க ஒரு புல்வெளியால் முடியுமா? முடியாது என்று அன்று காலை சபதம் செய்தேன். மனதுக்குள்தான். என் மனைவி போர்கில்ட் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

குட்டோர்ம் எங்கள் மலைப்பக்கத்துப் பழைய கொள்ளைக்காரன். பணக்காரன் வீட்டில் எடுத்ததை ஏழை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவான். சிறையில் போட்டால் கூரை வழியாகப் போவான், புகைபோக்கி வழியாகப் போவான், வாசல் வழியாகவும் போவான். அவன் கதையைப் பேசும் படமாக எடுக்க ஓஸ்லோவிலிருந்து ஒரு கூட்டம், மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் எங்கள் ஃபியோர்டுக்கு வந்து இறங்கியிருந்தது.

அடுத்த வீட்டு மொன்ஸுக்கு ஜெயிலர் வேஷம் கிடைத்துவிட்டது. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் கோழிக்குத் தீனி போடப் போகும்போதுகூட அப்படித்தான் நடக்கிறான். கூட்டத்தில் நிற்க இன்னும் ஆள் வேண்டும், காலையில் படகுத்துறைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். குளிர்காலத்தில் படம் எங்கள் ஊர்க் கூடத்துக்கு வரும். திரையில் மொன்ஸ் முகம் தெரிந்து என் முகம் தெரியாவிட்டால், அப்புறம் நான் எந்த முகத்தோடு ஊருக்குள் நடமாடுவது?

சிக்கல் வெயிலில் இருந்தது. படம் எடுக்க வெயில் வேண்டும். போர்கில்டுக்கும் வெயில் வேண்டும். எங்கள் பக்கம் வெயில் ஒரு விருந்தாளி. வந்த அன்றைக்கே புல்லை அறுத்து, கம்பம் நட்டு, கம்பி கட்டி, ஈரத்துணி போடுவது போல வரிசையாகத் தொங்கவிட்டாக வேண்டும். தரையில் கிடக்கும் புல்லில் மழை விழுந்தால் அழுகிவிடும். புல் அழுகினால் குளிர்காலத்தில் மாடு பட்டினி.

"சிவெர்ட், வெயிலப் பாத்தியா?" என்றாள் போர்கில்ட்.

"பாத்தேன்."

"அரிவாளைத் தீட்டியாச்சா?"

"போர்கில்ட், நான் ஒண்ணு சொன்னா நீ பதறக் கூடாது."

"நீ சொல்லி நான் என்னிக்குப் பதறியிருக்கேன்?"

"பாறையில ஆடு மாட்டிக்கிச்சு."

எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் மேயப் போன ஆடு, திரும்பி ஏறத் தெரியாமல் நின்றுவிட்டால், கல்யாண மாப்பிள்ளைகூட மணமேடையை விட்டுக் கயிற்றோடு ஓட வேண்டும்.

"அடப்பாவமே! எந்த ஆடு?"

"கறுப்புக் காது."

"யாரு பாத்தது?"

"நான்தான். ஜன்னல் வழியா."

"உனக்கு முன்னால இருக்கிற உப்பு ஜாடியே தெரியாதே!"

"பாக்கறதுக்கு முன்னாடி கத்திச்சு."

போர்கில்ட் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துப் பொட்டலமும் கட்டினாள். "பத்திரமா போயிட்டு வா. கால் வழுக்கப் போகுது" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக நம்பியதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. குட்டோர்ம்கூட இவ்வளவு எளிதாகத் தப்பித்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே படகுத்துறைக்கு ஓடினேன்.

துறையில் மொன்ஸ் சாவிக்கொத்தோடு நின்றான்.

"என்ன சிவெர்ட், போர்கில்ட் விட்டுட்டாளா?"

"விடறதுக்கு அவ யாரு? நான் வரேன்னேன், வந்துட்டேன்."

"கயிறு எதுக்கு?"

"வேஷத்துக்கு."

எனக்குக் கந்தல் சட்டை கொடுத்தார்கள். முகத்தில் பசை தடவி, வயிறு வரை தொங்கும் ஒரு தாடியை ஒட்டினார்கள். தலையில் அகலத் தொப்பி. தண்ணீரில் குனிந்து பார்த்தேன். என்னையே எனக்குத் தெரியவில்லை.

படகு கிளம்பியது. அது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புல்வெளியிலிருந்து பார்த்தால் படகில் இருப்பவர்களின் பொத்தான்கூடத் தெரியும். போர்கில்டுக்கு அப்படிப்பட்ட கண். ஆகவே நான் பாய்த்துணிக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

"என்னங்க, கடல் ஒத்துக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேஷத்துல மூழ்கிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

படகு எதிலோ இடித்து நின்றது. எல்லாரும் இறங்கும் சத்தம். துணியை விலக்கி எழுந்தேன். எதிரே ஒரு சிவப்புப் படகுக் கொட்டகை. நான் பூசிய சிவப்பு. மேலே ஒரு வெள்ளை வீடு. என் வீடு.

இயக்குநர் ஹோல்ஸ்ட் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று விளக்கினார். "காவலர்கள் துரத்தறாங்க. குட்டோர்ம் ஓடி வந்து, புல் அறுக்கிற கூலியாட்களோட கூலியாளா கலந்துடறான். வீட்டுக்காரி அவனைக் காட்டிக் கொடுக்கல. எல்லாம் நிஜமா இருக்கணும். நிஜப் புல்லு, நிஜ வேர்வை. வீட்டுக்காரியும் நிஜம்."

கதவு திறந்தது. விசேஷ நாளில் மட்டும் அணியும் உடையும் வெள்ளி மார்பூசியுமாகப் போர்கில்ட் இறங்கி வந்தாள். நான் தாடியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன்.

எங்கள் கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். படமெடுக்கும் கருவி சுழன்றது. அறுத்தோம். போர்கில்ட் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரே நின்றாள்.

"இயக்குநரே, இந்தத் தாடிக்காரர் அரிவாளைப் பிடிக்கிறதப் பாருங்க. என் புருஷன் மாதிரியே இருக்கு."

"அவ்வளவு நல்லாவா?" என்றார் ஹோல்ஸ்ட்.

"அவ்வளவு மோசமா."

நான் குரலைத் தடிமனாக்கிக்கொண்டேன். "உங்க புருஷன் எங்கேம்மா?"

"ஆட்டைக் காப்பாத்தப் போயிருக்காரு பாவம். தங்கமான மனுஷன். ஐயா, நீங்க கொஞ்சம் தரையோட ஒட்டி அறுங்க. மேலாப்புல அறுத்தா மாடு என்னைத் திட்டும்."

"பிரமாதம்! இன்னொரு தடவை!" என்று கத்தினார் ஹோல்ஸ்ட்.

இன்னொரு தடவைக்கு அறுக்காத புல் வேண்டும். அதனால் கொஞ்சம் மேலே நகர்ந்தோம். போர்கில்ட் தன் வசனத்தை மறந்தாள். மேலே நகர்ந்தோம். அவள் தும்மினாள். மறுபடி நகர்ந்தோம். பிறகு புல்லைக் கம்பியில் போடும் காட்சி. ஓஸ்லோவிலிருந்து வந்த நாயகன் கை கொப்புளித்துப் போய்க் கம்பம் நட்டான். அவனைப் பிடிக்க வந்த காவலர்கள் கம்பி கட்டினார்கள். மொன்ஸ் சாவிக்கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு புல் சுமந்தான். எனக்கு மட்டும் உள்ளூர ஒரு திருப்தி. கருவி எப்போதும் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிக் கட்டுப் புல்லும் கம்பி ஏறியபோது மலைக்குப் பின்னால் மேகம் கூடியது. நான் ஹோல்ஸ்டிடம் போனேன்.

"ஐயா, என் முகம் நல்லா விழுந்திருக்கா?"

"முகமா? இன்னிக்கு ஒத்திகைதானே. படச்சுருள் நாளைக்குத்தான் கப்பல்ல வருது."

"கருவி சுத்திச்சே!"

"சும்மா சுத்தவிட்டோம். சுத்தினாத்தான் ஆளுங்க ஒழுங்கா வேலை செய்வாங்கன்னு அந்த அம்மாதான் சொன்னாங்க. நேத்து இடம் கேட்டு வந்தோம். 'புல்லு கம்பிக்கு ஏறணும், அப்புறம் என்ன வேணா எடுத்துக்குங்க'ன்னாங்க."

தாடியை ஒரே இழுப்பில் பிய்த்தேன். கொஞ்சம் தோலும் வந்தது.

"ஆடு கெடைச்சுதா சிவெர்ட்?" என்றாள் போர்கில்ட்.

"போர்கில்ட், இது துரோகம். நாளைக்கு நிஜமா எடுக்கும்போது நான் இருப்பேன்."

"நாளைக்கு இங்க அறுக்க ஏது புல்லு? மழை விட்டதும் மொன்ஸ் வயல்ல எடுக்கறாங்க. அவங்க வீட்டு ஆளுங்களே போதுமாம். வீட்டுக்காரி வேஷத்துக்கு நான் மட்டும் போகணும். அதனால டாக்ரோஸை நீ கறந்துடு."

"நானா?"

"பின்னே, மாடு தானே கறந்துக்குமா?"

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை மாடு கறப்பதில்லை. கறந்ததாகத் தெரிந்தால் அவன் பேரன் காலம் வரை சிரிப்பார்கள். அதோடு டாக்ரோஸ் போர்கில்டைத் தவிர யாரையும் கிட்டே விடாது. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். மறுநாள் தன் பழைய பாவாடையையும் தலைத்துண்டையும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மழை விட்டது. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் பாவாடையைக் கட்டினேன். தலைத்துண்டை முடிந்தேன். டாக்ரோஸ் என்னை மோந்து பார்த்து, ஏமாந்தது. வாளியில் பால் விழ ஆரம்பித்தது. பரவாயில்லையே என்று நினைத்த நேரம், கதவு படாரென்று திறந்தது. முதுகுக்குப் பின்னால் கருவி சுழலும் சத்தம்.

"அடடா, என்ன இயல்பு! மாட்டுக்கொட்டகையையும் காட்டறேன்னு நீங்க கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. யாரும்மா இவங்க?" என்றது ஹோல்ஸ்டின் குரல்.

"எங்க வீட்டுல ஒத்தாசைக்கு இருக்காங்க. ரொம்பக் கூச்சம்" என்றது போர்கில்டின் குரல்.

"இன்னிக்கு சுருள் இருக்கு. எடுத்துடுவோம். அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க! உங்க முகம் வேணும்!"

என் முகம் வேண்டுமாம். நான் அதை டாக்ரோஸின் வயிற்றில் புதைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் படம் வந்தது. ஊர்க் கூடம் நிரம்பி வழிந்தது. மொன்ஸ் சாவியை ஆட்டிக்கொண்டு திரையில் நடந்தான்; எல்லாரும் கை தட்டினார்கள். போர்கில்ட் குட்டோர்மைக் காட்டிக் கொடுக்காமல் நின்றாள். எழுந்து நின்று தட்டினார்கள். அப்புறம் ஒரு மாட்டுக்கொட்டகை. அகலமான முதுகோடு ஒரு பெண் பால் கறந்தாள்.

முன்வரிசையிலிருந்து மொன்ஸ் திரும்பினான். "போர்கில்ட், யாரு அது? நம்ம ஊருல இப்படி ஒரு பொம்பளைய நான் பாத்ததே இல்லையே?"

போர்கில்ட் என் காதருகே குனிந்தாள். "கேக்கறான் பாரு. சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"வர்ற கோடையில புல்லு யாரு அறுக்கறது?"

"நான்."

"மொன்ஸ், எனக்கும் தெரியலப்பா" என்றாள் அவள். "ஆனா நல்ல வேலைக்காரி."