பின்வாசலில் வாங்கிய பட்டு நைட்டி

எழுபது வயதுக்கு மேல் எனக்கு ஒரு பட்டு நைட்டி மேல் ஆசை வந்தது. எழுதும்போதே காது சூடாகிறது. சந்தன நிறத்தில், தரையைத் தொடும் நீளத்தில், போனில் ஒரு வெள்ளைக்காரி போட்டுக்கொண்டு நின்றாள். அந்த விலைக்கு இரண்டு பட்டுச்சேலை எடுக்கலாம். செக்காலை ரோட்டுக் கடையில் போய் நைட்டி கேட்க எனக்கு வாய் வருமா? கரண்ட் பில் கட்ட மகன் சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்துப் போனிலேயே வாங்கிவிட்டேன். பெயர் கேட்ட இடத்தில் என் பெயரைப் போடக் கூச்சம். ‘ஆச்சி’ என்று மட்டும் போட்டேன். (பெரிய கெட்டிக்காரி!)

பார்சல் வரும் நாளில் முன்வாசலிலேயே காவல் இருந்தேன். மருமகள் காதுக்குப் போனால் அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? சோறு வடிக்க உள்ளே போய் வருவதற்குள் போனில் செய்தி: ‘ஒப்படைத்தாயிற்று. வாங்கியவர்: ஆச்சி.’

பார்சல் கொண்டுவந்தவரைப் போனில் கூப்பிட்டேன்.

“உங்க கையிலதானே ஆச்சி குடுத்தேன்! முன்வாசல்ல கூப்பிட்டேன். ‘பின்வாசலுக்கு வா’ன்னு உள்ளேருந்து சொன்னீக. சுத்திக்கிட்டு அங்குட்டு வந்தேன். கதவு லேசாத் திறந்துச்சு. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கிட்டீக.”

“நான் வாயே திறக்கலையேப்பா!”

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்கட்டு என் பங்கு. பின்கட்டு கொழுந்தன் பெண்சாதி சாலாவுக்கு. முற்றத்தில் யார் வற்றல் காயப்போடுவது என்ற சண்டையில் நாங்கள் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அவளோ சென்னையில் மகனோடு இருந்தாள். ‘பின்வாசலுக்கு வா’ என்று கீரைக்காரி முதல் எல்லோரையும் விரட்டியது என் மாமியார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று.

நடுக்கட்டின் பூட்டிய அறைகளைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடந்தேன். புறாக்கள்கூடச் சத்தம் போடவில்லை. தரையில் பிரித்துப்போட்ட பார்சல் உறை. அப்பால் இருட்டில், தலைமுடி விரிந்து கிடக்க, என் நைட்டி நின்றுகொண்டிருந்தது.

“அத்தே! தெரியாம வாங்கிட்டேன்! திருப்பி அனுப்பிடுறேன்!” என்று விழுந்து கும்பிட்டேன்.

உருவம் திரும்பி என்னைவிடப் பெரிதாக அலறியது.

“நான்தான் ஆச்சி, சாலா! முந்தாநாளே வந்துட்டேன்.”

“சொல்ல மாட்டியாடி?”

“நம்மதான் பேசிக்கிறதில்லையே! பார்சல்ல ஆச்சின்னு இருந்துச்சு, நானும் ஆச்சிதானே. மக அனுப்பியிருக்கான்னு போட்டுப் பார்த்தேன். இது உங்களுதா? நைட்டியா? நீங்களா!” சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போயும் போயும் இவளிடமா மாட்டினேன்!

எனக்கு வந்த ஆத்திரத்தில், “பின்வாசலுக்கு வான்னு நீ எப்படிடி சொல்லலாம்?” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. “நான் எங்க சொன்னேன்? கதவைத் தட்டுனாரு, திறந்தேன். நீங்க சொன்னதாவுல்ல சொன்னாரு.”

இரண்டு பேரும் நடுக்கட்டைப் பார்த்தோம். அன்றைக்கே சாலா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

கூடவே போனில் குடும்பம் முழுக்கச் சொல்லியும் விட்டாள். அதிலிருந்து எந்தப் பார்சல் வந்தாலும், லீவுக்கு வந்த பிள்ளைகள் என் மாமியார் குரலில் “பின்வாசலுக்கு வா!” என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன பொங்கலுக்கும் அந்தக் குரல் கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த நானும் சாலாவும் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் கண்ணெதிரே பந்தியில் இருந்தார்கள். எல்லோர் வாயிலும் சோறு.