மீன் தொட்டியில் போட்ட ஓட்டு

விக்டோரியா ராணியின் மந்திரிகளுக்குத் தினமும் காலை வணக்கம் சொன்ன ஒரே தமிழர், சிம்பாங் பூலாயில் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த எங்கள் 'ஃபிரேம் அண்ணே'தான்.

பழைய ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவை இடித்தபோது, குப்பையிலிருந்து நான்கு கேலிச்சித்திரங்களை மீட்டு வந்தார். நான்கிலும் அதே இரண்டு லண்டன் மந்திரிகள். ஒருவருக்குக் காது வரை காலர். மற்றவருக்கு நெற்றியில் சுருள்முடி. 'தொழிலாளிக்கும் ஓட்டு' என்ற ஏணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து, "நான்தான் கொண்டுவந்தேன்" என்று இழுப்பார்கள். ஏற வந்த தொழிலாளி கீழே நின்று கொட்டாவி விடுவான்.

கடைச் சுவரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, கண்ணாடி போடாமல் வெறும் சட்டத்தில் அவற்றை மாட்டியிருந்தார். மத்தியானம் சுண்ணாம்பு மலைமேல் மேகம் வந்து படுத்ததும், அண்ணே அந்தப் படங்களுக்குள் போய்விடுவார். கூப்பிட்டால் லண்டனிலிருந்து திரும்பி வர இரண்டு நிமிஷம் பிடிக்கும். வெள்ளிக்கிழமைகளில் அவர் மனைவி சாமியா ஆசாமியா என்று பார்க்காமல் எல்லாப் படத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். மந்திரிகளும் மறுத்ததில்லை.

யார் விலைக்குக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வீட்டு ஆளுங்கள யாராச்சும் விப்பாங்களா லா?"

அந்த வருஷம் கோயில் தலைவர் தேர்தலில் என் மனைவியின் அண்ணனும், நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் மோதினார்கள். தோட்டத்துக் காலத்திலிருந்தே எங்கள் கோயிலில் கை தூக்கித்தான் ஓட்டு. ஒருவருக்குத் தூக்கினால் சோறு போச்சு; மற்றவருக்குத் தூக்கினால் கூரை போச்சு. மாவீரனான நான் காய்ச்சல் வரவழைக்க மழையில் நனைந்து பார்த்தேன். பசிதான் வந்தது. அண்ணேயிடம் ஓடினேன்.

"ரகசிய ஓட்டு கேப்போம் தம்பி. பொட்டி நான் செய்யிறேன்."

இரண்டு வேட்பாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு, "நான்தான் முதல்ல சரின்னேன்" என்று அதற்கும் சண்டை போட்டார்கள். அண்ணே கண்ணை மூடிச் சிரித்தார்.

ஒருவருக்கு மஞ்சள் சீட்டு, மற்றவருக்குப் பச்சை. தேர்தல் காலையில் பெட்டி வந்தது. நாலு பக்கமும் பளபளக்கும் கண்ணாடி! சட்டம் போடுகிறவர் கடையில் வேறென்ன இருக்கும்?

"அலாமாக் அண்ணே, என்னா இது, மீன் தொட்டியா?"

"ஏன், அழகா இல்ல?"

"உள்ள விழுற கலரு தெரியுதே! அங்க பாருங்க, மச்சான் மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு முன்னாலயே நிக்கிறாரு!"

அண்ணே கனவில் நிற்பவர்போல் பெட்டியையே பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நான்கு படங்கள், சட்டமில்லாமல். பக்கத்துக்கு ஒன்றாகப் பசை தடவி ஒட்டினார். காலர்காரர் நெற்றியில் சந்தனம் இன்னும் இருந்தது.

"அண்ணே, உங்க படம்..."

"நீ போய் ஓட்டப் போடு லா."

போட்டேன். மச்சான்தான் ஜெயித்தார். என் ஓட்டு தனக்குத்தான் என்று இன்றுவரை இருவருமே நம்புகிறார்கள்.

அண்ணே இப்போது தெலுக் இந்தானில் மகள் வீட்டில் இருக்கிறார். பெட்டி கோயிலிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்த இரண்டு மந்திரிகளுக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன். ஒரு மூலையில், காய்ந்த பசையில் அண்ணேயின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அதற்கும் ஒன்று.