கிம்புலா பணிஸான கணவாய்க் கை

ஆறாயிரம் அடி உயரத்தில் கடல் கணவாய் மீன் வளர்த்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் கணவாய் மாஸ்டர் ஒருவர்தான். அதை உண்டாக்கியது விஞ்ஞானம் என்று அவர் சொல்வார். என் பேக்கரியின் போறணை அடுப்பு என்று நான் சொல்வேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மாவு மூட்டை சுமந்து, இன்று நானுஓயாப் பக்கம் சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறேன். என் பாண் ரொட்டி நுவரெலியா வரை போகிறது. இதைச் சொல்லாமல் எந்தக் கதையையும் நான் தொடங்குவதில்லை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். தவளைப் பாடம் நடத்தினாலும் கணவாயில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். என் கடையில் பிளேன்டீ குடிக்கும்போதும் அதே பேச்சுதான்.

"தண்ணிக்குள்ள இரும்பு மெஷினை இறக்கிறது மொக்குத்தனம் அண்ணை. கணவாயின்ர கையைப் பாருங்கோ. எலும்பில்லை, மூட்டில்லை. பிடிச்சா விடாது, பிடிச்சதை உடைக்கவும் மாட்டுது."

அவர் நேரம், மாரியம்மன் திருவிழா நெருங்கிய சமயம் பார்த்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. மலைமேல் இருக்கும் ஆழமான குளத்தின் அடியில் அதன் வாய். வெள்ளைக்காரன் காலத்து மண்குழாய். கம்பியால் குத்தினால் குழாய் நொறுங்கும். அந்தக் குளிரில் இறங்கினால் ஆள் நொறுங்குவான். நாளெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள், மாலையில் ஓடைக்கும் லயத்துக்குமாகக் குடம் தூக்கினார்கள்.

"நான் ஒரு கணவாய் செய்து இறக்கிறன்" என்றார் மாஸ்டர்.

கோயில் தலைவர் சிரித்தார். "மாஸ்டர், தண்ணி கேட்டா மீன் கொழம்பு வைக்கிறேங்கிறீங்களே!"

மாஸ்டர் அசரவில்லை. ரப்பர் கூழை அச்சில் ஊற்றிக் கைகள் செய்தார். வேன் கண்ணாடி கழுவும் மோட்டார், கைக்குள் தண்ணீரைத் தள்ளும். கை சுருண்டு பிடிக்கும். எல்லாம் சரி. ஆனால் எங்கள் குளிரில் கூழ் இறுகவே இல்லை. தயிராக நின்றது.

"அண்ணை, உங்கட போறணைக்கு மேல கொஞ்ச இடம் தாறியளே?"

தந்தேன். மாவு பொங்க வைக்கும் தட்டில், பணிஸ்களுக்குப் பக்கத்தில் கணவாயின் கைகள் கதகதப்பாகப் படுத்துக்கொண்டன.

கிம்புலா பணிஸ் தெரியுமல்லவா? முதலை மாதிரி நீளமான பன், மேலே சீனி தூவியது. கணவாய்க் கையும் அதே நீளம், அதே கூர் நுனி. என் வேலையாள் செல்வம் அரைத் தூக்கத்தில் ஒரு கைக்கு முட்டை தடவி, சீனி தூவி, போறணைக்குள் தள்ளிவிட்டான். பாண் ஆட்டோ அதைக் கொண்டுபோய் லயத்தில் விற்றும்விட்டது!

தட்டைப் பார்த்த மாஸ்டரின் முகம் வெளுத்தது. "ஒரு கை இல்லை அண்ணை! கூழும் முடிஞ்சுது. அந்தக் கை இல்லாட்டிப் பிடி நிக்காது. தண்ணியும் வராது."

செல்வத்தை உலுக்கிக் கேட்டுக்கொண்டு, பாண் ஆட்டோ போன வழியே ஓடினோம். லயத்து வாசலில் பழனியம்மா நின்றாள். கையில் பணிஸ், கண்ணில் நெருப்பு.

"மொதலாளி! இது கிம்புலாவா, செருப்பா? நானும் கடிக்கிறேன் கடிக்கிறேன், வளைஞ்சு வளைஞ்சு கொடுக்குது!"

நான் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"கீறல்கூட விழேல்ல! அம்மா, இன்னொருக்காக் கடிச்சுக் காட்டுறியளே?"

"ஒங்க கையக் குடுங்க மாஸ்டர், நல்லாவே காட்டுறேன்!"

அன்று மாலையே கணவாய் குளத்தில் இறங்கியது. அதன் தலையில் கட்டிய சின்னக் கமராவின் படம் போனில் தெரிந்தது. குழாயின் வாய்க்குள் கைகள் நுழைந்தன. குழந்தையைத் தூக்குவது போல எதையோ மெதுவாகச் சுற்றின. மாஸ்டர் கயிற்றை இழுத்தார். சேறு கலங்க, ஒரு பழைய உரப்பை மேலே வந்தது. அதைப் பற்றியிருந்த கைகளில் ஒன்றில் செல்வம் தடவிய முட்டை இன்னும் மினுங்கியது!

கீழே லயத்திலிருந்து கூச்சல் கேட்டது. "தண்ணி வந்திருச்சு!"

பழனியம்மா ஆரத்தி எடுத்துக் கணவாய்க்குப் பொட்டு வைத்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "கொழம்பு வேணாம் மாஸ்டர். தேருக்கு முன்னாடி இதையும் தூக்கிக்கிட்டு வாங்க."

மாஸ்டர் இப்போது மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போனில் சொன்னார்: "இஞ்ச நல்ல வெக்கை அண்ணை. கூழ் வெளியிலயே இறுகுது. உங்கட போறணை தேவைப்படேல்ல."

"நல்லதாப் போச்சு, எனக்கும் எடம் மிச்சம்" என்றேன்.

போறணைக்கு மேல் அந்த இடத்தில் செல்வம் பணிஸ் தட்டை வைக்கப் போனால் மட்டும் இன்னமும் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.