வாயைத் திறக்காமல் கார் வாங்குவது எப்படி

இந்த வருஷம் கார் வாங்கியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையின் நடுவே முடிவு செய்தேன். சாமியார் பேராசையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக, வெளியே நின்ற ஒரு காரின் பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சவுரியப்பன். பென்னாகரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. கார் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கே ஞானி. லைசென்ஸ் இருக்கிறது. கார்தான் இல்லை. ஒகேனக்கல் போய்த் திரும்புகிற சேலத்துக் கார், பெங்களூர்க் கார் எல்லாம் பஸ் நிலையத்து டீக்கடை முன்னால் நிற்கும். நானும் நிற்பேன். மூடியிருக்கிற பானெட்டைப் பார்த்தே உள்ளே என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை. அதனால் நானே போய்ச் சொல்லுவேன்.

புதுக் கார் வாங்குகிறவனைக் கண்டால் எனக்கு இரக்கம்தான் வரும். பதிவு பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு கார் வருகிறது. பழைய கார் அப்படியல்ல. அதன் குற்றங்குறையெல்லாம் இன்னொருத்தன் செலவில் வெளியே வந்திருக்கும். ஆனால் யார் வைத்திருந்த கார் என்று பார்க்கவேண்டும். டாக்டர் கார் ஆகாது. கண்ட நேரத்தில் ஓடியிருக்கும். மாமனார் வீட்டுச் சீராக வந்த கார் ஆகவே ஆகாது. சும்மா வந்ததை எவனும் துடைக்கமாட்டான். வக்கீல் கார் உத்தமம். காலையில் கோர்ட்டு வாசலில் நிறுத்தினால் சாயங்காலம்தான் அசையும். கஞ்சன் கார் அதைவிட உத்தமம். வண்டியைத் தொடவே அவனுக்கு மனசு வராது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. வாங்கப் போகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. வண்டி தங்கமாக இருந்தாலும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுற்றிவர வேண்டும். நல்ல வண்டி என்று நம் வாயிலிருந்து வந்தால் போச்சு. விற்கிறவன் விற்கமாட்டான்.

அந்த வருஷம் எங்கள் புளியமரங்கள் நன்றாகக் காய்த்திருந்தன. மரங்கள் ராஜமேரியின் அப்பா கொடுத்தவை. அந்தப் பணத்தில் ஒரு கறவை எருமை வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பணம் ஒன்று, ஆசை இரண்டு. பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதில்களையெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சண்டையே வரவில்லை.

"வாங்குங்க, நானா வேணாங்கறேன்? அடுத்த ஊர்ல முனிராஜண்ணன் வூட்டுல ஒரு காரு விலைக்கு இருக்குதாம். காசியம்மாளக்கா சந்தையில சொல்லிச்சு" என்றாள். காசியம்மாள் முனிராஜின் மனைவி. "நானும் வரேங்க. ஏறி உக்காரப் போறவ பாக்க வேணாமா?"

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? போகும் வழியில் என் விதியை அவளுக்குச் சொன்னேன். வாயைத் திறக்காமல் எப்படிக் கார் வாங்குவது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே போனேன். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

முனிராஜ் வீட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் எருமையும் கன்றும். மறுபக்கம் ஒரு பழைய மோரீஸ் மைனர். அதன் மேல் கோழி உட்கார்ந்திருந்தது.

"கெணறு வத்திப்போச்சு சார். ஆழப்படுத்தணும். எதையாச்சும் ஒண்ணை வித்துத்தான் ஆகணும்" என்ற முனிராஜ், பக்கத்தில் நின்ற காசியம்மாளைக் காட்டினார். "எருமையத் தள்ளிடலாம்னு இவ சொல்றா. பால் குடுக்கறத எவனாச்சும் விப்பானா? இது ஒண்ணும் குடுக்கறதில்ல. சேலத்துல ஒரு வக்கீல்கிட்ட வாங்குனது. பெட்ரோலுக்குப் பயந்துக்கிட்டு நான் எடுக்கறதேயில்ல."

வக்கீலிடமிருந்து வந்து கஞ்சனிடம் நிற்கிற கார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினேன். டயரை ஒரு உதை உதைத்தேன். முனிராஜின் முகம் வாடியது. காரியம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, கதவுத் தூணுக்குள்ள என்னமோ மடங்கிக் கெடக்குதே. ஒடஞ்சி போச்சா?" என்றாள் ராஜமேரி.

விவரம் தெரியாதவள் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருப்பது? "ஒடையல. அது கைகாட்டி. திரும்பறப்ப வெளிய நீளும். இப்ப வர்ற காருல இது கெடையாது. தேடினாலும் கெடைக்காது" என்றேன்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த முனிராஜ் மெல்லுவதை நிறுத்தினார். "தேடினாலும் கெடைக்காதுங்களா?"

நான் அவசரமாக உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் ராஜமேரி விடவில்லை. பானெட்டைத் தட்டிக் காட்டி, "உள்ள வெறும் பழைய இரும்பாத்தான் இருக்கும். இதெல்லாம் பத்து அடி ஓடுமா?" என்றாள்.

பழைய இரும்பு. ஒரு என்ஜினை என் எதிரில் அப்படிச் சொல்லிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பானெட்டைத் தூக்கினேன். கோழி பறந்தது. அதற்குப் பிறகு நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்கே தெரியாது. கார்புரேட்டரில் ஆரம்பித்தேன். பிளக்கைக் கழற்றிக் காட்டி மாட்டினேன். முனிராஜைக் கைப்பிடி போட்டு என்ஜினைச் சுழற்றச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலேயே கிளம்பியது. காசியம்மாளிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, ஓடுகிற என்ஜின் மேல் வைத்தேன். தண்ணீர் தளும்பவில்லை. நாலு டயர் மாற்றி நாள்தோறும் எடுத்து ஓட்டினால், பேரன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பே இந்த வண்டியில் நடத்தலாம் என்றேன்.

ராஜமேரி வாயில் கை வைத்து, "அப்படின்னா இந்தக் காரை விக்கறவன் முட்டாளுங்களா?" என்று கேட்டாள்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

முனிராஜ் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தோள்துண்டால் துடைத்தார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு, "மன்னிச்சிக்கங்க சார். காரு குடுக்கறாப்புல இல்ல" என்றார்.

வண்டியில் இருக்கிற குறைகளையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

"அப்ப கெணத்துக்கு என்னண்ணா பண்ணுவீங்க?" என்றாள் ராஜமேரி. அவள் குரலில் அவ்வளவு கவலை.

பதில் காசியம்மாளிடமிருந்து வந்தது. "எருமை இருக்குதில்ல."

அதற்கப்புறம் பேச்சு வளரவில்லை. விலை ஏற்கெனவே இரண்டு பெண்களுக்கும் தெரிந்திருந்தது. நான் பானெட்டைப் பிடித்தபடியே நிற்க, புளியம்பணம் என் சட்டைப் பையிலிருந்து ராஜமேரி கைக்கும், அவள் கையிலிருந்து காசியம்மாள் கைக்கும் போய்விட்டது.

"புடிச்சிக்கிட்டுப் போங்க. கயிறு மட்டும் குடுக்கமாட்டேன்" என்றார் முனிராஜ். "கயித்தோட குடுத்தா எங்க வூட்டு மாட்டுப் பட்டி பெருகாது."

அது எங்கள் பக்கத்து வழக்கம். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். வாங்குகிறவன்தான் கயிறு கொண்டு போக வேண்டும். எனக்கு உயிர் வந்தது. கார் பார்க்க வருகிறவர்கள் கயிறா கொண்டு வருவார்கள்? இன்றைக்கு எருமை வராது. நாளைக்குள் எப்படியாவது முனிராஜின் மனசை மாற்றிவிடலாம்.

ராஜமேரி கூடைக்குள் கை விட்டாள். புதுக் கயிறு ஒன்று வெளியே வந்தது. தலையில் மாட்டுகிற முடிச்சுகூடப் போட்டுத் தயாராக இருந்தது.

"இது எப்ப வாங்குனது?" என்று கேட்டேன்.

"சந்தையிலதாங்க. அக்காவும் கூட இருந்துச்சு. பாவம், இந்த எருமைக்குப் புல்லு அறுத்தே அதுக்கு இடுப்பு ஒடஞ்சி போச்சு. காருன்னா புல்லு கேக்குமா? அம்மா வூட்டுக்கும் போய்ட்டு வரலாம்." காசியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

முனிராஜ் காரைக் கிளப்பினார். அதை ஓட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். ஆனால் எருமையைக் காரில் ஏற்ற முடியாது. யாராவது ஒருத்தர் நடத்தித்தான் கூட்டிவர வேண்டும். ராஜமேரி முன் சீட்டில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கன்று தானாகத் தாயின் பின்னால் வந்தது.

கார் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"புது ஆளுன்னா அது மெரளும்ங்க. பேச்சுச் சத்தம் கேட்டாத்தான் அமைதியா நடக்குமாம். அதுகிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க. காரைப் பத்தியே பேசுங்க."

வீடு வந்து சேருகிறவரைக்கும் கார்புரேட்டரைப் பற்றிப் பேசினேன். எருமை ஒரு இடத்தில்கூட மிரளவில்லை.